இரும்பு குறைந்த வீடு

அப்பா 1983-இல் தளம் போட்டுக் கட்டிய வீட்டின் உட்கூரையிலிருந்து முதல் சில்லு பெயர்ந்து விழுந்தபோது வீட்டுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. சாப்பிடும் இடத்துக்கு மேலே கையகலத்துக்குப் பூச்சு போய், உள்ளே கம்பி செம்பழுப்பாகத் தெரிந்தது. கொத்தனார் வந்து சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டுப் போனார். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடத்தில், முன்பைவிட அகலமாக, ஒரு பாளமே விழுந்தது. அப்பியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரை ஊர்களில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் அப்பிக்கொண்டிருந்தார்கள்.

தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவே, கடலிலிருந்து சுமார் நானூறு மீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் மனை. அப்பா தபால் துறையில் வேலை பார்த்தவர். தெருவில் முதன்முதலாகத் தளம் போட்டவர் அவர்தான். கொள்ளுத்தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டினார். மூன்று தலைமுறை குடியிருந்த ஓட்டு வீடு. மழையில் இரண்டு இடத்தில் ஒழுகும் என்பதைத் தவிர அதன்மேல் யாருக்கும் புகார் இருந்ததாக நினைவில்லை. ஆனாலும் தளம் போட்ட வீடு என்பது அன்றைக்கு ஒரு மரியாதை. அப்பா அந்த மரியாதையை உழைத்துச் சம்பாதித்தார். முகத்துவாரத்து மணல், கொல்லைக் கிணற்றுத் தண்ணீர், கடன் வாங்கி இறக்கிய கம்பி, சிமெண்ட். ஊரில் அப்போது வேறு மாதிரி கட்டியவர்கள் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று முழங்காலளவு கடல் வீட்டுக்குள் வந்து நின்று வடிந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் தெருவிலும் சாவு விழுந்தது. அந்த வருஷம் வீட்டைப் பற்றி யோசிக்க யாருக்கும் மனம் இல்லை. யோசிக்கத் தொடங்கியபோது தரையும் சுவரின் கீழ்ப்பகுதியும் உப்பைக் குடித்து ஊறியிருந்தன. அதன்பிறகு தூண்களும் வெடிக்கத் தொடங்கின. வெடிப்பு கோணல்மாணலாக ஓடவில்லை. கோடு கிழித்தது போல நேராக, உள்ளே கம்பி எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியிலேயே ஓடியது.

மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. விழுந்த பாளம் ஒன்றை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலின் தெளித்தேன். வெளிப்பக்கம் ஒரு விரற்கடை நிறம் மாறாமல் இருந்தது. அதற்கு உள்ளே கம்பி இருந்த இடம் வரை பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறியது. அப்படியென்றால் கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பி வரை இன்னும் இருக்கிறது. நல்ல காரத்துக்குள் இருக்கும் இரும்பு, தன்மேல் மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு துருவேறாமல் கிடக்கும். ஆனால் இந்தக் கம்பியோ விரலால் சுரண்டினால் ஏடு ஏடாக உரிந்தது. பாளத்தைப் பொடித்து, நீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட்டை இரண்டு சொட்டு விட்டேன். தயிர் போலத் திரண்டது வெள்ளை வீழ்படிவு. பள்ளிப் பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வில் வருஷா வருஷம் பார்க்கும் குளோரைடுதான். என் அப்பாவின் வீட்டிலிருந்து அது வந்ததைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

காரம் இருந்தாலும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துளைத்த இடத்தில் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். சுற்றியிருக்கும் கான்கிரீட் அந்த நெருக்கல் தாங்காமல் வெடிக்கிறது, வெடிப்பு வழியாக இன்னும் உப்பும் ஈரமும் போகின்றன. மேலே சிமெண்டை அப்புவதால் இது நிற்காது. மணலிலும் தண்ணீரிலும் சேர்ந்து முதல் நாளே உள்ளே போன உப்புக்கு மேலே அப்பும் சிமெண்ட் மருந்தாகாது.

அப்பா போன பிறகு வீட்டை இடித்துவிடலாம் என்று முடிவானது. மயிலாடுதுறையில் மனை பார்க்கலாம் என்று அண்ணன் சொன்னார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நான் இங்கதான் இருப்பேன். நீங்க எந்த வூட்டையாவது கட்டுங்க, இல்ல கட்டாம போங்க." 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையின்படி, எங்கள் ஊர் மாதிரியான இடங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் அப்போது புதிய கட்டுமானம் கூடாது என்றிருந்தது. 200 மீட்டரிலிருந்து 500 மீட்டர் வரை, காலங்காலமாகக் குடியிருக்கும் ஊர்களில், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 9 மீட்டர் உயரத்துக்குள் கட்ட முடிந்தது. எங்களுக்கு மாடியும் வேண்டாம். அம்மாவின் முழங்காலுக்குப் படி ஆகாது.

அந்தச் சமயத்தில்தான், 2011 டிசம்பர் 30 விடியலில், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. கடலூர்ப் பக்கம் எங்களுக்குச் சொந்தபந்தம் உண்டு. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகிடந்த வழியாக அங்கே போய்வந்தேன். துக்கம் விசாரிக்கப் போனவள் கூரைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட வீடுகளில் பல, கூரையே இல்லாமல் நின்றன. காற்று கூரையை அமுக்கி உடைக்கவில்லை, கீழே புகுந்தும் மேலே உறிஞ்சியும் தூக்கியிருக்கிறது. ஒரு வீட்டின் வாசலில் கிடந்த கொக்கி போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல் நுனியும் கீழ் நுனியும் முழுசாக இருந்தன. தகட்டின் ஓட்டைக்குள் மறைந்திருந்த கழுத்து மட்டும் ஈர்க்குக் கனத்துக்கு அரித்துப்போயிருந்தது. அந்த வீட்டின் கூரையைப் புயல் ஒரு ராத்திரியில் கொண்டுபோனது என்றுதான் ஊர் சொல்லும். உப்பு பல வருஷமாக அதை அவிழ்த்துக்கொண்டிருந்தது என்று அந்த போல்ட் சொன்னது.

எனக்கு இருந்த சிக்கல் அங்கேதான் தெளிவாகப் பிடிபட்டது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் கட்டடங்கள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. அவற்றில் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1620-இல். அவற்றின் சுவர்களுக்குள் துருவேற இரும்பு இல்லை. ஆனால் இரும்பே இல்லாமல் கட்டினால் காற்று தூக்கும்போது கூரையைச் சுவரோடும் சுவரை அஸ்திவாரத்தோடும் எது பிடித்துக்கொள்ளும்? கனத்த சுவரும் கனத்த கூரையும் தங்கள் பாரத்தால் ஓரளவு தாங்கும். அம்மா தனியாக இருக்கப்போகும் வீட்டுக்கு அந்த ஓரளவு எனக்குப் போதவில்லை. ஆக, புயலுக்குக் கட்டு வேண்டும், உப்புக்கு அந்தக் கட்டே தீனி. கூடியவரை இரும்பைக் குறைப்பது, தவிர்க்க முடியாத இடத்தில் போடும் இரும்பைக் கண்ணும் கருத்துமாகப் பொதிந்து வைப்பது என்று எழுதி, வரைபடம் போட்டுத் தந்த பொறியாளரிடம் கொடுத்தேன். இளைஞர். முதலில் தூண், பீம் வைத்துத்தான் வரைந்துகொண்டு வந்தார். பிறகு அவருக்கே இதில் ஆசை வந்துவிட்டது.

தூண் இல்லாத வீடு. பாரம் முழுக்கச் சுவர்மேல். கடலைப் பார்த்த கிழக்குச் சுவர் மட்டும் ஒன்றரைக் கல், மற்றவை ஒரு கல். கிழக்கே சன்னல் குறைவு. அறைகள் எல்லாம் உள்முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். உப்புக் காற்று நேராக அறைக்குள் வராமல் கூரையைத் தாண்டி முற்றத்தில் இறங்கி வரட்டும் என்பது கணக்கு. பேஸ்மட்டத்தை 2004-இல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு இரண்டடி மேலே ஏற்றினோம். எங்கள் மண்ணில் கல் கிடையாது. அஸ்திவாரத்துக்குக் கருங்கல் பெரம்பலூர்ப் பக்கமிருந்து வந்தது. அலை வந்து மணலைப் பறித்தாலும் அடி தெரியாத ஆழத்துக்கு வாணம் தோண்டினோம். கூரை நாலு பக்கமும் சரிந்து இறங்கும். இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையில் முக்கோணச் சுவர்தான் காற்றுக்கு முதலில் போகும். கூரை விளிம்பு ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீளவில்லை. திண்ணைக் கூரையைத் தனியாக நிறுத்தினோம், பிய்த்துக்கொண்டு போனாலும் அது வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. சன்ஷேடு கிடையாது. கடற்கரையில் முதலில் கம்பி தெரிவது சன்ஷேடில்தான்.

இரும்பு போட்ட இடம் மூன்றே பட்டைகள். பேஸ்மட்டத்தில் ஒன்று, சன்னல் தலைமட்டத்தில் ஒன்று, கூரை உட்காரும் மட்டத்தில் ஒன்று. வீட்டைச் சுற்றி விட்டுப்போகாமல் ஓடும் கான்கிரீட் பட்டைகள். நில நடுக்கத்துக்கும் இவைதான் செங்கல் கட்டடத்தைச் சிதறாமல் பிடிக்கும். ஐ.எஸ். 456 என்ற நம் நாட்டுத் தர விதி, கடற்கரைச் சூழலில் வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட்டைக் கடுமையான வகையில் வைக்கிறது. கலவை எம் 30-க்குக் குறையக்கூடாது. நீர் சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக்கூடாது. கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கடல் திவலையே தெறிக்கும் இடம் என்றால் 50. இந்த எண்கள் எல்லாப் பொறியாளர்களுக்கும் தெரியும். வேலை நடக்கும் இடத்தில் அவை என்ன ஆகின்றன என்பதுதான் கேள்வி.

கம்பி கட்ட வந்தவர் கெட்டிக்காரர். வழக்கப்படி கம்பிக்கூட்டைப் பலகைக்குள் இறக்கிவிட்டு, அடியில் அங்கங்கே ஒரு ஜல்லியைச் சொருகினார். ஜல்லி நழுவினால் கம்பி பலகையில் படுத்துவிடும். கான்கிரீட் போட்ட பிறகு யாராலும் அதைப் பார்க்க முடியாது. வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் விஷயம் அப்படி மூடிப்போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதே கலவையில் நாங்களே 45 மி.மீ. கனத்தில் வார்த்து ஆறவைத்திருந்த கவர் பிளாக்குகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கவர் வுட்டா கம்பி ரெண்டும் நடுவுல வந்து ஒட்டிக்கும், டீச்சர்" என்றார். அவர் சொன்னது சரி. 6 அங்குலப் பட்டையில் மேலும் கீழும் 45 விட்டால் மிச்சம் அறுபது மில்லிதான். பொறியாளர் பட்டையை 8 அங்குலமாக்கினார். கட்டுக்கம்பியின் முறுக்கிய நுனிகளையும் உள்பக்கமாக மடக்கிவிடச் சொன்னோம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நுனி போதும், உப்பு அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக.

எப்பாக்சி பூசிய கம்பி போடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் பாலங்களில் அந்தக் கம்பி சில வருஷங்களிலேயே துருவேறியது. இறக்கி, இழுத்து, வளைக்கும்போது பூச்சில் விழும் கீறல்தான் வினை. எங்கள் ஊரில் லாரியிலிருந்து கம்பியை எப்படி இறக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். சாதாரணக் கம்பி, இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்ட், நல்ல கனமான மூடல் என்று நின்றுகொண்டேன். கசடு சிமெண்ட் குளோரைடை எளிதில் ஊடுருவ விடாது. ஆனால் நனைத்து வைக்கப் பொறுமை வேண்டும். சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாளாவது நனைக்க வேண்டும் என்றால் இதற்குப் பத்து என்கிறது விதி. நாங்கள் அதற்கும் மேலே சாக்கைப் போட்டு நனைத்துக்கொண்டே இருந்தோம்.

எதை வைத்து நனைப்பது? கலவைத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படும் மேஸ்திரிகள்கூட நனைக்கக் கிணற்று நீரை இறைத்துவிடுவார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் எல்லை. எங்கள் கிணற்று நீர் தரம்பார்த்தலில் அதைத் தாண்டி எங்கோ நின்றது. உள்ளே வயல்காட்டுப் பக்கமிருந்து டேங்கர் தண்ணீர் வாங்கினோம். ஒவ்வொரு டேங்கரிலும் ஒரு பாட்டில் பிடித்துப் பள்ளிக்கு எடுத்துப் போவேன். மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறும் அந்தச் சொட்டைப் பார்த்தபிறகுதான் கலவைக்கு அனுமதி. கொள்ளிடத்து மணலுக்கும் அதே சோதனை. "ஏன்டி, வூடு கட்டுற தண்ணிக்கு இவ்ளோ பரீட்சையா?" என்று அம்மா கேட்டார். கொஞ்ச நாளில் அவரே டேங்கர்க்காரரை நிறுத்தி, "பாட்டில புடிச்சு வச்சுட்டுப் போப்பா" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

பூச்சுக்கு வந்தவர் வயதான மேஸ்திரி. தரங்கம்பாடியில் பழைய வீடுகளைப் புதுப்பித்த வேலையில் கை பழகியவர். கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் அலசிச் சுட்ட சுண்ணாம்பு, குழியில் நீற்றிக் கிடந்தது. கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரின் புளித்த வாசம் மனை முழுக்க. துணைக்கு வந்த இளைய கொத்தனார் சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு சட்டி சிமெண்டைக் கலக்கப் போனபோது மேஸ்திரி கரண்டியை நீட்டித் தடுத்தார். "சுண்ணாம்பு மெதுவாத்தான் பிடிக்கும் தம்பி. நாம அவசரப்பட்டா அது வெடிச்சுக் காட்டும்." கிளிஞ்சல் சூளையில் வெந்து, நீரில் பூத்து, சுவரில் ஏறி, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாகிறது. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட சமன்பாடு என் வீட்டுச் சுவரில் நடந்துகொண்டிருந்தது. உள்ளங்கையைச் சுவரில் வைத்து வைத்துப் பார்ப்பேன். அவ்வளவு சந்தோஷம்.

சிமெண்ட் பூச்சு ஓதத்தை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கலைப் பொடியாக்கித் தள்ளும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உப்பு மேலே வந்து பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். போகிக்கு முன் வெள்ளையடிப்பது கடற்கரை வீடுகளுக்கு வெறும் பண்டிகை வேலை இல்லை. தேயவேண்டியது அந்த வெள்ளைதான். சுவர் தேயாமல் இருப்பதற்காக அது வருஷா வருஷம் தேய்கிறது.

கூரைக்கு வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள், மேலே சீமை ஓடு. சட்டத்தைக் கூரைமட்டப் பட்டையோடு பிடிக்கும் போல்ட்டும் பட்டைத் தகடும் மட்டும் 316 ரக எவர்சில்வர். மாலிப்டினம் கலந்தது. சாதாரண 304 ரகத்தில் கடல்காற்று பட்டால் தேநீர் நிறத்தில் கறை பிடித்துவிடும். விலையைக் கேட்டு அண்ணன் திகைத்தார். வீட்டிலேயே சின்னதும் முக்கியமானதும் அதுதான் என்று, கடலூரில் பொறுக்கி வந்த கொக்கி போல்ட்டை எடுத்துக் காட்டினேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. விளிம்பு ஓடுகளையும் முகட்டையும், நடுவே சில வரிசைகளையும் காரை வைத்துக் கட்டினோம். கதவு சன்னலுக்குப் பித்தளைக் கீல். சன்னலுக்குக் கம்பிக்குப் பதில் மரக்கட்டை. கிழக்கு வேலியில் பூவரசும் புன்னையும். இரண்டும் உப்புக்கு அஞ்சாதவை, காற்றில் வரும் திவலையை இலையில் வாங்கிக்கொள்ளும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்களுக்குக் கிடைத்தது அதன் ஓரம்தான் என்பதால் வீடு அதை வென்றது என்றெல்லாம் சொல்லமாட்டேன். ராத்திரி முழுக்க அம்மாவோடு இருந்தேன். ஓடுகள் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தன. சட்டங்கள் அசையவில்லை. விடிந்ததும் பார்த்தால் திண்ணைப் பக்கம் சில ஓடுகள் போயிருந்தன, வேறொன்றும் இல்லை. வேதாரண்யத்துப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அம்மா அழுதார்.

உப்பின் வேலை வீடுகளோடு நிற்பதில்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓடுவது நின்றது. அரிப்புதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு எவர்சில்வர் கம்பியே போட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, நம் கரையோரத்தில் அரசு கட்டித்தரும் பள்ளிகளுக்கும் புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் குறைந்தது 45 மில்லி மூடலையாவது ஒருவர் கூடவே நின்று அளந்து பார்க்கிறாரா என்று நினைத்தேன். எவர்சில்வர் கம்பி எல்லோருக்கும் கட்டாது. கவர் பிளாக்குக்குச் செலவே இல்லை.

வீட்டில் நான்காவதாக ஒரு இரும்பு இருக்கிறது. குளியலறைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டி உட்கார ஒரு சின்னத் தளம். அதை மட்டும் தவிர்க்க முடியவில்லை. தொட்டி நிரம்பி வழியும் பக்கத்தில், அடிப்பாகத்தில், போன ஆடி மாதம் நேராக ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தது. பென்சிலால் இரு முனையிலும் குறி வைத்துத் தேதி எழுதியிருக்கிறேன். கோடு குறியைத் தாண்டினால் தளத்தை எடுத்துவிட்டு, தரையிலேயே செங்கல் மேடை கட்டித் தொட்டியை இறக்கிவிடலாம் என்று மேஸ்திரியின் மகன் சொல்லியிருக்கிறார். மழைக்கு முன் செய்துவிட வேண்டும். தண்ணீர்க்காரரிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று, பாட்டிலும் கழுவிக் காயவைத்திருக்கிறது.